வேலிகாத்தான் வேரும் என் இஞ்சு டேப்பும்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவர் முகம் இல்லை, சட்டை. முழங்கைக்கு மேலே ஒரு கிழிசல், முதுகில் குறுக்காக ஒரு கிழிசல், பாக்கெட் பாதி தொங்கிக்கொண்டிருக்கும். இருபது வருடம் தையல் மெஷின் மிதித்தவள் நான். எத்தனையோ கிழிசலைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரே சட்டையை ஒரே மாதத்தில் ஐந்து தடவை கொண்டுவந்த ஆள் அவர் ஒருத்தர்தான். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, அதில் கடையில் வாங்கிய துணி எவ்வளவு, நான் வைத்துத் தைத்த துணி எவ்வளவு என்று எனக்கே கணக்குத் தெரியாமல் போய்விட்டது.

"புதுசா ஒண்ணு எடுத்துக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"முள்ளுக்கு இன்னா தெரியும், புதுசா பழசான்னு? தச்சிக் குடு தங்கச்சி."

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி அப்போது என் கடை இருந்தது. அவர் வீடு அதற்குப் பின்னால் நாலாவது வீடு. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்னைப் பத்தி எழுதினியே, வேலிகாத்தானைப் பத்தி ஒரு வரி எழுதுனியா?" என்று சண்டைக்கு வருவார். அதனால் முதலில் அதையும் எழுதிவிடுகிறேன்.

வேலிகாத்தான் என்றால் சீமைக்கருவேலம். யாரோ எந்தக் காலத்திலோ வேலிக்கும் விறகுக்கும் ஆகட்டும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த முள்மரம். வேலியைக் காக்கும் என்று பெயர் வைத்தார்கள். அது வேலியோடு நிற்காமல் உள்ளே வந்து நிலத்தையும் எடுத்துக்கொண்டது. ஏரிக்கரை, பாலாற்றுப் படுகை, பயிர் வைக்காமல் விட்ட காணி எல்லாம் அதுதான். வெட்டினால் தழையும், கொளுத்தினாலும் தழையும். அதனோடு எங்கள் ஊரில் சண்டை போட்டது ஒரே ஒரு ஆள். அந்தச் சண்டையில் கிழிந்த சட்டைகள் எல்லாம் என் கடைக்கு வந்தன.

முதல் நாள் அவர் கடைக்கு வந்தது சட்டையோடு இல்லை. நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் பட்டு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆள் உள்ளே வந்தார், கையில் கயிறு மாதிரி நீளமாக எதையோ வைத்திருந்தார், அதை அப்படியே மேஜை மேல் அந்தப் பட்டுத் துணியின் மீது போட்டார். மண் உதிர்ந்தது.

"அளந்து சொல்லு."

"அய்யோ, பட்டுண்ணா! இன்னா இது?"

"வேரு. முழுசா எட்துட்டேன். ஒரு நூலு கூட உள்ள வுடல. எத்தினி இஞ்சு, பாத்துச் சொல்லு."

திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பொண்ணு பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்கிற அப்பன் மாதிரி நின்றார். டேப்பை எடுத்து அளந்தேன். டேப் அறுபது இஞ்சு. போதவில்லை. இன்னொரு தடவை வைத்து அளந்து எண்பத்திமூன்று என்றேன். "எம்பத்தி மூணு," என்று மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டு வேரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பட்டைத் துவைக்கவும் முடியாது, உதறி உதறித்தான் மண்ணை எடுத்தேன். அதற்குப் பிறகு என் அளவு நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் பக்கத்தில் மார்பு, தோள், கை உயரம் என்று இருக்கும். அவர் பக்கத்தில் வேரின் நீளம் மட்டும்.

"வேரு எங்க?" இந்த ரெண்டு வார்த்தைதான் அவருக்கு எல்லாவற்றுக்கும். அண்ணி, அதாவது அவர் மனைவி, வாசலில் புல் பிடுங்கினால் பின்னாலேயே வந்து நின்று கேட்பார். பாதியில் ஒடிந்தது தெரிந்தால் போச்சு. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துபோய்க் கடப்பாரை எடுத்துவந்து தோண்டி, அந்த மிச்ச வேரை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். "இந்த மனுசனோட ஒரு வேளை சூடா துன்னதில்ல நானு," என்று அண்ணி என்னிடம் புலம்பாத நாள் கிடையாது.

செடியோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். பீடியை விட்டுவிட்டேன் என்று ஒரு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இவர் கேட்டார், "வேரோட வுட்டியா, மேலோட வுட்டியா?"

"வேரோடதான் அண்ணாத்த. சத்தியமா."

மூன்றாம் நாள் இவர் நேராக ஆட்டோவுக்குப் போனார். பின் சீட்டைத் தூக்கினார். டூல்ஸ் பைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு பீடியை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். "பாரு தங்கச்சி. வேரு உள்ளதான் கீது." என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பீடியை அவர் அப்புறம் நிஜமாகவே விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தடவை எங்கிருந்தோ காலேஜ் பிள்ளைகள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட். ஏரிக்கரை வேலிகாத்தானை அழிக்கப் போவதாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்வதற்கில்லை, வெயிலில் நின்று வெட்டினார்கள். ஆனால் முழங்கால் உயரத்தில் வெட்டினார்கள். பதினோரு மணிக்கு பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோது பார்த்தால், பேனருக்கு நடு மத்தியில் கடப்பாரையோடு நம்ம ஆள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"வேரு எங்க?"

"அதான் கட் பண்ணிட்டோமே அங்கிள்."

"நீங்க பண்ணது முடிவெட்டு. அடுத்த மாசம் வந்து பாருங்க, ஒண்ணு இருந்த எடத்துல ஆறு நிக்கும். கீழ தண்டும் வேரும் சேர்ற எடம் கீது பாரு, அதுக்குக் கீழ தோண்டி எடுக்கணும். இல்லாங்காட்டி நீங்க அதுக்கு வேலை செஞ்சா மாதிரிதான்."

போட்டோ எடுக்க விடவில்லை. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தோண்ட வைத்தார். சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஆறிப்போயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்த ஒரு பெண் என் கடையில் வந்து உட்கார்ந்து, "யாருக்கா அந்த அங்கிள், மிலிட்டரியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கம்பெனி பஸ் டிரைவர்," என்றேன். அவள் நம்பவில்லை.

உண்மை அதுதான். இருபத்திரண்டு வருடம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸை ஓட்டினார். காலை ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று அவர் ரோட்டிலேயே இருந்தபோது, ஏரிக்குப் பின்னால் அவர் அப்பா விட்டுப்போன ஒண்ணேகால் ஏக்கரில் வேலிகாத்தான் ஏறிவிட்டது. ரிட்டயர் ஆகி வந்து பார்த்தால் நிலத்துக்குள் நுழைய வழி இல்லை. "எங்கப்பன் மல்லாட்ட போட்ட நெலம் தங்கச்சி. நான் பாக்காத வுட்டு, காடா பூட்ச்சி. அந்தாண்ட போம்போதெல்லாம் வெக்கமா கீது," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. சட்டையைக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கப்புறம் அவர் சட்டைக்கு நான் முகம் சுளித்ததில்லை.

ஆனால் கல்யாண மண்டபத்தில் அவர் செய்த கூத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அண்ணி வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சிங்கப்பெருமாள் கோயிலில். இப்போதெல்லாம் தாம்பூலப் பையோடு ஒரு செடியும் கொடுக்கிறார்களே, அங்கேயும் அப்படித்தான், சின்னத் தொட்டியில் ஆளுக்கொரு செடி. நான் சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்தால் மண்டப வாசலில் டிக்கெட் செக்கர் மாதிரி இவர் நிற்கிறார். ஒவ்வொரு தொட்டியையும் வாங்கித் தலைகீழாகத் தூக்கிப் பார்க்கிறார். ஒரு தொட்டியின் விளிம்புக்கு அடியிலிருந்து பட்டாணி அளவில் ஒரு நத்தையை எடுத்தார்.

"ஆப்பிரிக்கா நத்தை! யாரும் வூட்டுக்கு எட்துனு போவாதீங்க! இது பப்பாளி, கொத்தவரை எல்லாம் துன்னுட்டு, பத்தலன்னா சொவுத்து சுண்ணாம்பையும் நக்கும்!"

பெண்ணின் மாமா ஓடிவந்தார். "யோவ், நல்ல காரியம் நடக்கற எடத்துல இன்னாய்யா பேஜாரு பண்ணிகினு கீற?"

"நல்ல காரியம் முடிஞ்சி பூட்ச்சி. இது வேற காரியம்."

ஜனங்கள் தொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். மண்டப வாசல் நர்சரி மாதிரி ஆகிவிட்டது. அண்ணி ரெண்டு வாரம் அவரோடு பேசவில்லை. ஓசியில் வந்த செடியை யாராவது விடுவார்களா? அவர் அந்தப் பக்கம் திரும்பினபோது ரெண்டு தொட்டியைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். மழைக்காலம் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் என் வீட்டுச் சுவரில் கைப்பிடி அளவு நத்தைகள். உப்புப் பாக்கெட்டோடு நின்ற என்னை அவர் கண்டுபிடித்துவிட்டார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "உப்பு போட்டா மண்ணு கெட்டுப்பூடும். சாயங்காலம் ஈரச் சாக்கு விரிச்சி, அடில பப்பாளித் தழை போட்டு வையி. காலைல எல்லாம் அதுக்கடில வந்து ஒதுங்கிகினு இருக்கும். வெறுங்கையில தொடாத, கைக்கு கவரு போட்டுகினு பொறுக்கு," என்று மட்டும் சொன்னார். போகும்போது, "ரெண்டு தொட்டியா, மூணா?" என்றார். நான் உப்புப் பாக்கெட்டை முந்தானைக்குள் மறைத்தேன்.

இப்போது தம்பியைச் சொல்ல வேண்டும். அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மாடியில் அறைகள் விட்டு, கீழே மெஸ் நடத்துகிறவர். மாடிக்கு மேல் இன்னொரு மாடி கட்ட ஆசை. அந்த ஒண்ணேகால் ஏக்கரில் அவருக்கும் பங்கு உண்டு. பிளாட் போட்டு விற்க ஒரு புரோக்கரையும் பிடித்துவிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அண்ணன் போடவில்லை.

புரோக்கர் முதல் தடவை வந்த நாளில் ஊரே சிரித்தது. அந்தச் சமயம் தென்னைக்கு வெள்ளை ஈ வந்திருந்தது. அதுவும் எங்கிருந்தோ வந்த பூச்சிதான், ஓலைக்கு அடியில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், கீழ் ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துப்போகும். மஞ்சள் நிறத்துக்கு அந்த ஈ வந்து உட்காரும் என்று யாரோ வேளாண்மை ஆபீசில் சொன்னார்களாம். இவர் என்னிடமிருந்து மஞ்சள் லைனிங் துணியாக எட்டு மீட்டர் வாங்கிப்போய், விளக்கெண்ணெய் தடவி, நிலத்தை ஒட்டிய தோப்பில் தென்னைக்குத் தென்னை கட்டிவிட்டார். புரோக்கர் வெள்ளைச் சட்டையில் வந்து, "சார், லொகேஷன் சூப்பர்," என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து தோப்பைப் பார்த்தார். ஒரு மஞ்சள் துணியில் முதுகோடு சாய்ந்தார். முதுகு நிறைய எண்ணெயும் ஈயும். துடைத்துக்கொள்ளத் துணி கேட்டு என் கடைக்குத்தான் வந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

கடைசியில் தம்பி ஒரு நாள் வந்து, என் கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அண்ணனிடம் பேசினார்.

"இதபாரு அண்ணாத்த. காட்டை வெச்சிகினு இன்னா பண்ணப் போற? ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு வருசம் டைம். நெலத்துல ஒரு வேலிகாத்தான் இல்லாம, சுத்தமா பயிரு மட்டும் நின்னுச்சின்னா, விக்கற பேச்சே நான் எடுக்க மாட்டேன். நிக்கலன்னா கையெழுத்து போடு."

"நிக்கும்," என்றார் இவர்.

"தங்கச்சி சாட்சி," என்றார் தம்பி. இப்படித்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

பங்குனியில் பொக்லைன் வந்தது. மரத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே போனது. அதற்குப் பின்னால் இவர் கடப்பாரையோடு போனார், மண்ணைக் கிளறி, விட்டுப்போன வேரை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சித்திரை வெயில் முழுக்க அதே வேலை. என் நோட்டில் அவர் பக்கம் தீர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. கையெல்லாம் முள், ஒரு விரல் வீங்கி டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்தார். வைகாசிக் கடைசியில் போய்ப் பார்த்தேன். நிலம் காலியாகச் செக்கச் செவேலென்று கிடந்தது. வரப்பில் நின்றுகொண்டு, "எங்கப்பன் பாத்தா இன்னா சொல்லுவாரு?" என்றார்.

நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

"காஞ்சி கெடக்குதேண்ணா மண்ணு. ஆட்டுக் கிடை மடக்கினா நல்லதாச்சே. எங்க நாத்தனாருக்குத் தெரிஞ்ச கிடைக்காரரு ஒருத்தரு கீறாரு. எரநூறு ஆடு."

வெளியூருக்குச் சொல்கிறேன்: கிடை மடக்குவது என்றால் பகலெல்லாம் மேய்ந்த ஆட்டு மந்தையை ராத்திரிக்கு நிலத்தில் அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான், அதில் ஒரு தப்பும் கிடையாது. இவருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனியில் பத்து ராத்திரி, நிலத்தில் ஒரு இடம் விடாமல் மாற்றி மாற்றி மடக்கினார்கள். புழுக்கை மெத்தை போட்டாற்போல் கிடந்தது. ஆடியில் உழுது மல்லாட்டை விதைத்தார்.

அந்த ஆடுகள் பகலில் எங்கே மேய்ந்தன என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பாலாற்றுப் படுகையில் மேய்ந்தன. அங்கே இருப்பது வேலிகாத்தான்தான். அதன் காய் மஞ்சளாகப் பழுத்துக் கீழே கொட்டிக்கிடக்கும், இனிப்பாக இருக்கும், ஆட்டுக்கு அல்வா. காயைத் தின்னும், கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும். ஆட்டு வயிற்றில் ஊறி வந்த கொட்டைக்கு முளைக்கிற வேகம் இன்னும் ஜாஸ்தி. வாழ்நாள் பூராவும் மண்ணுக்குக் கீழேயே பார்த்த மனிதர், மரத்துக்கு மேலே காய்ப்பதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மழை பெய்த எட்டாம் நாள் காலையில் அண்ணி வந்து கூப்பிட்டார். போனேன். மல்லாட்டை வரிசை வரிசையாக முளைத்திருந்தது. அதற்கு நடுவில், பக்கத்தில், மேலே, எங்கெங்கும் ரெண்டு ரெண்டு இலையாக வேலிகாத்தான். யாரோ உட்கார்ந்து பார்த்துப் பார்த்து விதைத்தால்கூட அத்தனை ஒழுங்காக வராது. உரமும் நாங்களே போட்டிருந்தோம். இவர் நடு நிலத்தில் குந்தியிருந்தார்.

"அண்ணா, நான்தான் பாவி. நான்தான் கிடை போடச் சொன்னேன்."

"நீ சொன்ன. ஆட்டை உள்ள வுட்டது நானு," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பிடுங்கினோம். அவர், அண்ணி, நான், சவாரி இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரர், எல்லாரும் பிடுங்கினோம். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் மூலையில் மறுபடி முளைத்திருந்தது. அதற்குள் மல்லாட்டை பூத்துவிட்டது. பூ மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற சமயத்தில் நிலத்தைக் கிளறக்கூடாது. கிளறினால் காய் போச்சு. கிளறாவிட்டால் வேலிகாத்தான் நிற்கும். வேரை விட்டுவைக்க வேண்டிய நிலைமை அவருக்கு வாழ்க்கையில் அப்போதுதான் வந்தது. ராப்பகலாக வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வருசக் கெடு முடிந்த புரட்டாசியில் தம்பி புரோக்கரோடு வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். பச்சைப் பசேலென்று நிலம். வேலிகாத்தான் கன்றும் பயிர் உயரம்தான், வரப்பிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே பச்சைதான். பொத்தேரியில் பருப்பும் ரசமும் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு எது எது என்று எங்கே தெரியப்போகிறது?

"யப்பா! சூப்பரா வந்துகீதே அண்ணாத்த!" என்றார் தம்பி. முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று, ஆனால் பேச்சு மாறவில்லை. "நான் தோத்துட்டேன். சொன்னா சொன்னதுதான். வுட்டுடலாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்த்தார். சாமி, இந்த மனுசன் வாயைத் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அண்ணி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட ஒட்டு ஒன்று அண்ணி கையோடு வந்துவிட்டது, மனிதர் நிலத்தில் இறங்கிவிட்டார். குனிந்து ஒன்றைப் பிடுங்கினார், வேரோடு. தம்பி முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இது மல்லாட்ட இல்ல. வேலிகாத்தான். பாதிக்குப் பாதி இதுதான். நல்லா பாத்துக்க."

புரோக்கர் முகத்தில் விடிந்தது. "அப்போ டாக்குமெண்ட் ரெடி பண்ணிடலாம் சார்," என்றார்.

தம்பி அந்தக் கன்றை வாங்கி வேரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார்.

"அதான் சொன்னேன். கையெழுத்து போடறேன். ஆனா இப்டியே வித்தா, வாங்கறவன் தலைல இத கட்னா மாதிரி. வூடு கட்டுவான், கக்கூஸு தொட்டில வேரு பூந்துடும். கடைசி வேரை எட்துட்டு, அன்னிக்குப் போடறேன்."

"எத்தினி நாளு ஆவும்?" என்று கேட்டார் புரோக்கர்.

"தை மாசத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் இவர். நிஜமாக நம்பித்தான் சொன்னார். தம்பி சரி என்றார்.

எங்கே முடிந்தது? ஒவ்வொரு மழைக்கும் புழுக்கைக்குள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டை எழுந்து வந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று தம்பி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதலில் வரப்பில் நின்று கத்தினார். அப்புறம் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். பாதியில் ஒடித்து அண்ணனிடம் திட்டு வாங்கினார். "வேரு எங்க? மெஸ்ஸுல கருவேப்பில கிள்றா மாதிரி கிள்ற!" அடுத்த வருடம் தண்ணீர் ஊற்றி, மண்ணை இளக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே பிடித்துத் திருகி எடுக்கத் தெரிந்துகொண்டார். பொத்தேரியிலிருந்து வரும்போது அண்ணிக்கு மெஸ் பிரியாணி கொண்டுவருவார். நாஸ்தா முடித்து இறங்கினால் மத்தியானம் வரை ரெண்டு பேரும் குனிந்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். தம்பி சட்டையும் என் கடைக்கு வர ஆரம்பித்தது. வருடா வருடம் மல்லாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஜாஸ்தி விளைந்தது. இப்படி நாலு வருடம்.

நாலாம் வருடம் கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்கி முடித்த ஞாயிற்றுக்கிழமை, இவர் என் கடைக்கு வந்தார். சட்டை முழுசாக இருந்தது. "டேப்பை எட்துனு வா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி கீது. கீழண்ட மூலைல," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கும் நோட்டை எடுக்கக் கை வரவில்லை.

புரோக்கர் பிளாஸ்டிக் கவரில் பத்திரத்தோடு வந்திருந்தார். மஞ்சள் துணிக்கு எட்டாத தூரமாகப் பார்த்து நின்றுகொண்டார். அண்ணி வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கீழண்டை மூலையில் ஒரு சாண் உயரத்தில் அந்தக் கன்று.

"தம்பி, நீ எடு. ஒன் கையால முடியட்டும்," என்று சொல்லிவிட்டு, இவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தென்னந்தோப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

தம்பி குந்தினார். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தது, அதைத் தொடவில்லை. மண்ணை இளக்கவில்லை. டேப்பும் கையுமாக ரெண்டடி தள்ளி நின்ற நான் பார்த்தேன். மண்ணோடு மண்ணாகக் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரே கிள்ளு. தண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இவர் திரும்பினார். "வேரு எங்க?"

"ஒடஞ்சி பூட்ச்சி அண்ணாத்த."

"அதான் வந்துடுச்சே சார்," என்றார் புரோக்கர்.

"நீ சும்மாரு நைனா," என்றார் தம்பி. "வேரு உள்ள கீது. மழை வந்தா தழையும். கடைசி வேரு வந்தாத்தான் கையெழுத்துன்னு பேச்சு."

நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடித்ததற்காக எத்தனை பேரை விரட்டிய மனிதர்! இதோ கத்தப்போகிறார் என்று நின்றேன். அவர் அந்தத் தண்டை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தானாக ஒடிந்தால் நார் நாராக இருக்கும். இது வெட்டினாற்போல் இருந்தது. அப்புறம் தம்பியின் கட்டைவிரலைப் பார்த்தார். நகத்தில் பச்சை.

"கையக் கழுவிக்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்க தங்கச்சி."

"இன்னாத்த எழுதறதுண்ணா? வேரே இல்லியே."

"இல்லன்னு எழுதிக்க."

நோட்டில் அவர் பக்கத்தில் தேதி போட்டு சைபர் என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணனும் தம்பியும் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள், அண்ணி முன்னால் பிரியாணியைச் சூடு பண்ண ஓடிக்கொண்டிருந்தார். வேர் மண்ணுக்குள் ஒரு விரற்கடை ஆழத்தில்தான் இருந்தது. கடப்பாரை அவர் தோளில்தான் இருந்தது.